சிறுவாட்டுக் காசும் பவுடர் டப்பாவும்: வீட்டு அழகுப் பொருள்களின் வரலாற்றை எழுதும் முறை

கொங்கு நாட்டுப் பழைய வீடுகளில், அட்டாலியின் மேலோ கட்டிலுக்கு அடியிலோ ஒரு தகர ட்ரங்குப் பெட்டி இருக்கும். நிலப் பத்திரமும் பட்டுச் சேலையும் பீரோவுக்குப் போய்விட்ட பிறகு, எறியவும் மனமில்லாமல் வைத்துக்கொள்ளவும் காரணமில்லாமல் சேர்ந்துபோன பொருள்கள் அதில் கிடக்கும்: துருப்பிடித்த பவுடர் டப்பா, மூடி கழன்ற கண்மைச் சிமிழ், பேன்சீப்பு, ஈர்கோலி, நிறம் வெளுத்த ரிப்பன், சவுரிமுடி, யாரோ ஒரு தாத்தா வைத்திருந்த சவரக் கருவி. இந்தப் பெட்டியைக் கொண்டு ஒரு குடும்பத்தின் அழகுச் செலவு எப்படி மாறியது என்பதை எழுத முடியும். அதற்கான வழிமுறையைக் கல்லூரி மாணவர்களுக்கும், ஓய்வு பெற்ற பின் குடும்ப வரலாறு எழுத உட்காரும் பெரியவர்களுக்கும் பயன்படும் வகையில் இங்கே சொல்ல முயல்கிறேன்.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. இந்தப் பொருளைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் "முன்பு எல்லாம் இயற்கை, இன்று எல்லாம் ரசாயனம்" என்ற ஒரே கதையைத்தான் எழுதி முடிக்கிறார்கள். அந்தக் கதைக்குப் பெட்டியைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு பொருள் வீட்டுக்குள் வந்தபோது அதற்கான காசு யாருடைய கையிலிருந்து போனது, வாங்கலாம் என்று தீர்மானித்தவர் யார், அது வந்ததால் யாருடைய வேலை குறைந்தது அல்லது கூடியது ஆகிய மூன்றையும் தேடுங்கள். நோட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, இந்த மூன்று கேள்விகளையும் முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. விடை பல மாதங்கள் கழித்தும் வரலாம்.

பொருளின் வயதைக் கணிப்பது

பெட்டியிலிருந்து எடுக்கும் எதையும் முதலில் துடைக்காதீர்கள். துருவோடும் அழுக்கோடும் எல்லாப் பக்கங்களையும், குறிப்பாக அடிப்பாகத்தையும் படம் எடுத்த பிறகு, உலர்ந்த மென்மையான துணியால் ஒற்றி எடுத்தால் போதும். தகர டப்பாவில் அச்சிட்ட எழுத்து, ஈரத் துணி பட்டால் சாயத்தோடு வந்துவிடும். என் அப்பத்தாவின் டப்பா ஒன்றின் விலையை நானே இப்படித் துடைத்து அழித்திருக்கிறேன்.

வயதைக் கணிப்பதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. அரசாங்கம் அவ்வப்போது மாற்றிய சட்டங்களும் பெயர்களும் போதும். விலை அணாவில் இருந்தால், அந்தப் பொருள் பெரும்பாலும் 1957 ஏப்ரல் 1-க்கு முந்தையது, ஏனென்றால் அன்றுதான் தசம நாணயம் நடைமுறைக்கு வந்தது. "நயா பைசா" என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது என்று கொள்ளலாம், ஏனெனில் 1964 ஜூனில் "நயா" என்ற முன்னொட்டு கைவிடப்பட்டது. எடை அவுன்சில் இருந்து கிராமுக்கு மாறியதும் ஏறத்தாழ இதே காலத்தில்தான்; 1956-ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டம் படிப்படியாக அமலுக்கு வந்தது. முகவரியில் "சென்னை மாநிலம்" என்றோ மதராஸ் ராஜ்யம் என்றோ இருந்தால் 1969 ஜனவரிக்கு முந்தையது எனலாம். ஆறு இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு முந்தையதாக இருக்க முடியாது. கோவைக்கு 641, ஈரோட்டுக்கு 638, பொள்ளாச்சிக்கு 642 என்று எண் தொடங்குவதால், எந்தப் பகுதிக் கடை என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

கடை ரசீதுகளுக்கு நம் பகுதியில் இன்னொரு வசதியும் உண்டு. ஈரோடு 1979-இல் கோவை மாவட்டத்திலிருந்து பிரிந்தபோது அதற்குப் பெரியார் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். 1990-களின் பிற்பகுதியில்தான் அது ஈரோடு மாவட்டம் ஆனது. ஆகையால் கோபிசெட்டிபாளையத்து ஃபேன்சி ஸ்டோர் ரசீது ஒன்றில் "பெரியார் மாவட்டம்" என்று அச்சாகியிருந்தால், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள் அதை நிறுத்திவிடலாம். "திருப்பூர் மாவட்டம்" என்று இருந்தால் அது 2009-க்குப் பிந்தையது.

தமிழ் எழுத்தின் வடிவமும் ஒரு சாட்சி. "லை", "னை", "ணை", "ளை" ஆகியவை யானைத் துதிக்கை போல முன்னால் சுருண்ட பழைய வடிவத்தில் இருந்தால், அது பெரும்பாலும் 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்தைய அச்சு. இதில் இரண்டு கவனம் வேண்டும். சிறிய அச்சகங்கள் கையில் இருந்த ஈய எழுத்துகள் தேயும்வரை பழைய வடிவத்திலேயே அச்சடித்தன. எனவே பழைய வடிவம் இருந்தால் 1978-க்கு முந்தையது என்று அடித்துச் சொல்ல முடியாது. மறுபக்கம், ஈரோட்டில் 1925-இல் பெரியார் தொடங்கிய "குடி அரசு" வார இதழ் 1935-லேயே புதிய வடிவத்தைக் கையாளத் தொடங்கிவிட்டது. எனவே இயக்கத் துண்டுப் பிரசுரம் ஏதாவது பெட்டியில் கிடந்தால் இந்த அளவுகோலை அதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

பிந்தைய காலத்துப் பொருள்களுக்கு அடையாளங்கள் எளிது. பொட்டலப் பொருள்களில் விலை, எடை, தயாரித்த மாதம் ஆகியவற்றைக் கட்டாயமாக்கிய விதிகள் 1977-இல் வந்தன. "உள்ளூர் வரி தனி" என்ற வாசகம் 1990-க்கு முந்தைய உறைகளில் இருக்கும்; அதன் பிறகு எல்லா வரிகளும் சேர்ந்த விலையையே அச்சிட வேண்டியதாயிற்று. முகவரியில் மெட்ராஸ் போய்ச் சென்னை வந்திருந்தால் அது 1996-க்குப் பிந்தையது. 890 என்று தொடங்கும் பார்கோடும் 1990-களின் பிற்பாதியில்தான் நம் கடைகளில் பரவியது. சோப்பிலும் க்ரீமிலும் பச்சை அல்லது பழுப்புப் புள்ளி இருந்தால் 2014 அல்லது அதற்குப் பின்.

விளம்பரத்தில் இருக்கும் நடிகையின் முகத்தை வைத்து மட்டும் வயது சொல்லாதீர்கள். நான் முதலில் அப்படித்தான் செய்து, ஒரு டப்பாவுக்குப் பத்து வருடம் கூட்டி எழுதிவிட்டேன். பிரபலமான முகத்தைக் கம்பெனிகள் பல ஆண்டுகள் ஓட்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் அந்த முகம் எப்படி அங்கே வந்தது என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். லக்ஸ் சோப்பு விளம்பரத்தில் முதல் இந்திய நடிகையாக லீலா சிட்னிஸ் 1941-இல் தோன்றினார். கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-லேயே வெரைட்டி ஹால் என்ற நிரந்தரத் திரையரங்கைக் கட்டியிருந்தார். 1930-களில் சென்ட்ரல் ஸ்டூடியோவும், 1945-இல் பட்சிராஜா ஸ்டூடியோவும் இதே ஊரில் படம் எடுக்கத் தொடங்கின. நம் பகுதிப் பெண்களுக்கு நடிகையின் முகம் தொலைதூரத்து அதிசயம் அல்ல என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தச் சோப்பு உறையைப் பாருங்கள்.

"ஸ்நோ" என்ற சொல் பெரியவர்கள் வாயில் வந்தால் அதையும் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிக் அமிலத்தை அடிப்படையாகக் கொண்டு செய்யும் அந்த வகைக் க்ரீம், தேய்த்ததும் தோலில் மறைந்துவிடும்; டப்பாவில் பார்த்தால் வெண்பனி போல இருக்கும். பம்பாயில் இ.எஸ். பட்டன்வாலா 1919-இல் தொடங்கிய ஆப்கன் ஸ்நோ அந்தப் பெயரை இந்தியா முழுக்கப் பரப்பியது. வெளிநாட்டு அலங்காரப் பொருள்களுக்கு அந்நியச் செலாவணி கரைவதைத் தடுக்கும் நோக்கில் டாடா குழுமம் 1952-இல் லாக்மே நிறுவனத்தைத் தொடங்கியது. லட்சுமி என்ற பெயரின் பிரெஞ்சு வடிவம்தான் லாக்மே. உள்ளூர்ப் பொருளுக்கு அயலூர் வாசம் வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

பெரியவர்களிடம் கேட்கும் முறை

"அந்தக் காலத்துல அழகுக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டால் கிடைக்கும் விடை ஒன்றுதான்: "ஒண்ணுமில்லீங்க கண்ணு, மஞ்சளும் எண்ணெயும்தான்." இது பொய்யல்ல, கேட்டவரை மரியாதையாக அனுப்பிவைக்கும் விடை. அழகு என்ற சொல்லையே விட்டுவிட்டு, கையால் செய்த வேலையைக் கேளுங்கள். என் அம்மாயியிடம், அதாவது அம்மாவின் அம்மாவிடம், தலைக்குத் தேய்க்கும் அரப்புப் பொடியிலிருந்து தொடங்கினேன்.

"தலைக்கு ஊத்திக்கறதுக்கு அரப்பு யாருங்கம்மாயி இடிச்சது?"

"யாரு இடிப்பா, நாந்தான். உங்க அப்புச்சி வெயில் காலத்துல உசிலந்தழை ஒடிச்சுப் போடுவாரு. நெழல்ல காய வெச்சு, உரல்ல போட்டு இடிச்சு, சலிச்சு, வருசத்துக்கும் மொடாவுல போட்டு வெக்கோணும். தும்மித் தும்மி உசுரு போயிரும் சாமி."

அந்தத் தும்மலில்தான் வரலாறு இருக்கிறது. உசிலை இலையின் நுரைக்கும் தன்மை தலையின் எண்ணெயைப் போக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பொடி மரத்திலிருந்து தானாக உதிரவில்லை. ஆண்கள் சனிக்கிழமையும் பெண்கள் வெள்ளிக்கிழமையும் எண்ணெய் தேய்த்துக் குளித்த வீட்டில், வாரத்துக்கு இரண்டு நாள் செலவாகும் அரப்பை ஒரே பெண் வருடம் முழுதும் இடித்திருக்கிறாள். அந்த வீட்டுக்கு ஷாம்பு பாக்கெட் வந்த நாளை அவர் பண்பாட்டு வீழ்ச்சியாக நினைவுகூரவில்லை. உரல் ஓய்ந்த நாளாகத்தான் சொன்னார்.

இந்தப் பாக்கெட்டின் கதை தமிழ்நாட்டிலேயே தொடங்கியது என்பதால் அதைக் கொஞ்சம் விரித்தே கேட்கலாம். கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் முறைக்கு முன்னோடி. அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் சிக் ஷாம்புவைத் தொடங்கி, காலிப் பாக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்தால் புதியது ஒன்று இலவசம் என்று அறிவித்து கிராமத்து மளிகைக் கடைகளைப் பிடித்தார். பாட்டில் வாங்கக் குடும்பத்தலைவரிடம் காசு கேட்க வேண்டும். பாக்கெட்டுக்கு அது வேண்டியதில்லை. இங்கேதான் சிறுவாடு வருகிறது. முட்டை விற்ற காசு, மோர் விற்ற காசு, அரிசிப் பானைக்குள் முடிந்து வைத்த சில்லறை என்று கணவருக்குக் கணக்குக் காட்டாத பணம் எல்லாப் பெண்களிடமும் கொஞ்சம் இருந்தது. சில்லறைக் காசுக்கு விற்ற ஷாம்புவும், ஒற்றை முழப் பூவும், சந்தையில் வளையல்காரர் போட்டுவிட்ட கண்ணாடி வளையலும் இந்தப் பணத்தைக் குறிவைத்த பொருள்கள். எனவே பழைய விலையை இன்றைய ரூபாய்க்கு மாற்ற முயன்று குழம்பாமல், "அப்ப ஒரு முட்டை என்ன விலைங்க?" என்று கேட்டு, பவுடர் டப்பாவின் விலையை முட்டைக் கணக்கில் எழுதுங்கள். கூலிக்குப் போனவர்களிடம் முட்டைக்குப் பதில் நாள் கூலியைக் கேளுங்கள். இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்குமான தொலைவு தெரியும்.

கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு. ஆனால் அதைக் கேட்காமல் இந்த வரலாறு முடியாது. "எந்த வயசுல எதை நிறுத்தினீங்க?" என்பதுதான் அது. கணவர் இறந்த அன்று மஞ்சளும் பூவும் பொட்டும் வளையலும் ஒருசேர நின்றுபோய், வெள்ளைச் சேலை மட்டும் மிஞ்சிய பெண்கள் நம் ஊர்களில் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். வாங்கத் தடை செய்யப்பட்டவர்களும் நுகர்வு வரலாற்றின் பகுதிதான். இதைப் பலர் முன்னால் கேட்கக் கூடாது. மருமகள் பக்கத்தில் இருக்கும்போது நிச்சயமாகக் கேட்கக் கூடாது. அவர் பேச்சை மாற்றினால் நீங்களும் மாற்றிவிடுங்கள். சொன்னதை எழுதலாமா என்று கடைசியில் தனியாகக் கேட்டு, வேண்டாம் என்றால் நோட்டிலிருந்தே கிழித்துவிட வேண்டும்.

நிறத்தைப் பற்றிய பேச்சும் தானாக வரும். ஃபேர் அண்ட் லவ்லி 1975-இல் இந்தியச் சந்தைக்கு வந்து, 2020-இல் பெயரிலிருந்து "ஃபேர்" என்ற சொல்லைக் கைவிட்டது. இடைப்பட்ட நாற்பத்தைந்து ஆண்டுகளில் உங்கள் வீட்டில் பெண் பார்க்கும் பேச்சு எப்படி நடந்தது என்பதைக் கேளுங்கள். டியூப் எப்போது வந்தது, யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்பதையும் கேளுங்கள். பல வீடுகளில் அதை வாங்கிக் கொடுத்தது அந்தப் பெண் அல்ல, அவளுடைய தாய்.

மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் போனவர்கள்

கோவையில் முதல் நூற்பாலை 1888-இல் தொடங்கியது. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் பெருகின. ஆலைக்குப் போன குடும்பங்களில் பணம் மாதச் சம்பளமாக வந்தது. காட்டு வேலைக் குடும்பங்களில் அறுவடைக்கு அறுவடை வந்தது. அழகுப் பொருள் வாங்கும் பழக்கம் இந்த இரண்டிலும் வேறு வேறாக இருக்கும் என்பதால், முதலிலேயே எந்தக் குடும்பம் எது என்று குறித்துவிடுங்கள்.

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்த பெண்களிடம் கேட்கும்போது, சனிக்கிழமை மாலையைப் பற்றிக் கேளுங்கள். வாரச் சம்பளம் கைக்கு வரும் அந்த மாலையில் எந்தக் கடைக்குப் போனார்கள், யாரோடு போனார்கள், சம்பளக் கவரை வீட்டில் கொடுத்த பிறகு போனார்களா, அதற்கு முன் போனார்களா என்பது முக்கியம். செக்கிங்கில் வேலை பார்த்த ஓர் அக்கா, கவரைப் பிரிக்காமல் அப்பாவிடம் கொடுத்து, ஓவர்டைம் காசை மட்டும் தனியாக வைத்து லிப்ஸ்டிக் வாங்கியதாகவும், அதைக் கம்பெனிக்குள் நுழைந்த பிறகு போட்டு, வெளியே வரும்முன் துடைத்ததாகவும் சொன்னார். இதற்கு நேர்மாறாக, கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி இளம்பெண்களை வேலைக்கு எடுத்த சுமங்கலித் திட்டத்தில் நூற்பாலை விடுதியில் தங்கிய பெண்களுக்குக் கூலியின் பெரும்பகுதி ஒப்பந்தம் முடியும்வரை கையில் வரவில்லை. கடைக்குப் போவதும் காவலோடுதான். உழைப்பு ஒன்றாக இருந்தும், ஒருத்திக்கு ஒளித்து வைக்கவாவது காசு இருந்தது, இன்னொருத்திக்கு அதுவும் இல்லை.

ஆண்களின் பக்கம்

அழகுத் தொழில் என்றால் பெண்கள் என்று எழுதிவிட்டுப் போவது சோம்பேறித்தனம். கொங்கு ஊர்களில் குடிமகன் என்று அழைக்கப்பட்ட நாவிதர், அறுவடையில் தானியம் பெற்றுக்கொண்டு குடும்பங்களுக்குச் சவரம் செய்தார். வெள்ளாளர் திருமணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுவதும் அவரே. அவர் வீட்டுப் பெண் ஊருக்கே பிரசவம் பார்த்தார். இந்த உறவு மரியாதையும் இழிவும் கலந்தது. எந்தத் தெருவுக்கு அவர் போக அனுமதி இருந்தது, எந்தத் தெருவுக்கு இல்லை என்பதைச் சேர்த்துக் கேட்டால்தான் அது புரியும். தானியக் கூலி நின்று, பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் சுழல் நாற்காலியும் எதிரெதிர்க் கண்ணாடியும் வைத்த சலூன் வந்தபோது, காசு கொடுத்த எவரும் அந்த நாற்காலியில் உட்கார முடிந்ததா என்று கேளுங்கள். அவர்களிடம் கேட்கப் போகும்போது சாதிப் பெயரைச் சொல்லித் தொடங்காமல் தொழிலைச் சொல்லித் தொடங்குங்கள். அண்ணன் என்றோ ஐயா என்றோ, "வாங்க, போங்க" என்றே பேசுங்கள். ஒருமையில் கூப்பிட்ட தலைமுறையின் கணக்கு அவர்களுக்கு மறக்கவில்லை.

பெட்டியில் கிடக்கும் சவரக் கருவி வேறொரு கதைக்கும் நுழைவாயில். அமெரிக்காவில் ஜில்லெட் நிறுவனம் ஆண்களுக்கு விற்ற அதே கருவியைச் சிறியதாக்கி, பொன்முலாம் பூசி, 1915-இல் பெண்களுக்கென விற்பனைக்குக் கொண்டுவந்தது. இயல்பாக வளரும் முடியைக் கூச்சப்பட வேண்டிய குறையாகச் சொல்லித்தான் அந்தச் சந்தை உருவானது. நம் நாட்டில் 2005-இல் இமாமி நிறுவனம் ஆண்களுக்கென்றே சிவப்பழகுக் க்ரீம் கொண்டுவந்தபோது இதே உத்தி திசை மாறி வந்தது. இன்றைய கடையில் ஆண்களுக்கான பிளேடு, பெண்களுக்கான பிளேடு இரண்டின் விலையையும் ஒன்றுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். க்ரீமைக் கிராமுக்கும் ஷாம்புவை மில்லிக்கும் வகுத்துப் பாருங்கள். ஷாம்புவில் பாட்டிலைவிடப் பாக்கெட் மலிவாக வருவதைப் பார்த்தால் பலருக்கு வியப்பாக இருக்கும்.

விளம்பரங்களைத் தேடுவது

பழைய வார இதழ்களை இப்போது வீட்டிலிருந்தே பார்க்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஏராளமான இதழ்கள் உள்ளன. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு நேரில் போனால் இன்னும் அதிகம். விளம்பரத்தைப் படிக்கும்போது அது யாரோடு பேசுகிறது என்பதை மட்டும் குறியுங்கள்: வாங்குகிறவளோடா, அவளுடைய கணவனோடா, மாமியாரோடா? "குடி அரசு" இதழ்களையும் புரட்டுங்கள். பெண்கள் முடியைக் கத்தரித்துக்கொள்ள வேண்டும், நகையைக் குறைக்க வேண்டும் என்று பெரியார் வாதிட்ட ஊர் நம்முடையது. அதே ஈரோட்டில் மஞ்சள் மண்டிகளும் பூசு மஞ்சள் வியாபாரமும் செழித்தன. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதத் தயங்க வேண்டாம்.

எழுதிய பிறகு

முதல் படியை அச்சுக்குக் கொடுக்குமுன், சொன்னவர்களிடம் உரக்க வாசித்துக் காட்டுங்கள். என் அம்மாயிக்கு நான் வாசித்தபோது, பவுடர் டப்பா பக்கம் வந்ததும் கையை நீட்டி நிறுத்தினார். அப்புச்சி சந்தையிலிருந்து வாங்கி வந்தது என்று எழுதியிருந்தேன். அவரே முன்பு அப்படித்தான் சொன்னார்.

"அது உங்க அப்புச்சி உசுரோட இருந்தப்ப சொன்னதுங் கண்ணு. முட்டைக் காசுல நாந்தான் வாங்குனேன். அவரு வாங்கியாந்தாருன்னு சொன்னாத்தான் உங்க கொள்ளுப்பாட்டி ஒண்ணும் பேசமாட்டா."

நோட்டின் அந்தப் பக்கத்தில் முதல் விடையை அடித்துவிடாமல், தேதி போட்டு இரண்டாவது விடையை அதன் கீழே எழுதிக்கொண்டேன்.